கோட்டு போடாத படம்

கேபிளைப் பிடுங்கியது நான்தான். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி வயரோடு சும்மா கிடப்பதாக நினைத்தேன். அந்த வயரைக் கழற்றிவிட்டு என் போனைச் சொருகினேன். பிறகு வண்டியிலிருந்து சவுக்குக் கம்பு இறக்கப் போய்விட்டேன்.

அது திண்டிவனத்தில் ஒரு பேனர் கடை. சாவு, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் முகத்தைப் பெரிதாக்கி அச்சடிப்போம். டிசைன் பண்ணுவது முதலாளி. அச்சான பேனரைச் சட்டத்தில் அடித்து, ஊர் ஊராகத் தூக்கிப்போய்க் கட்டுவது நான். எட்டாவதோடு படிப்பை விட்ட பிறகு நான் போகாத ஊர் குறைவு. திருப்பூரில் சாயப்பட்டறை, பெங்களூரில் கட்டிடம், கேரளாவில் ரப்பர் தோட்டம் என்று சுற்றினேன். எங்கேயாவது தகராறு வந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவேன். மறுநாள் வேறு ஊரில் கண் விழிப்பேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இந்தக் கடையில் மட்டும் எப்படியோ ஆறு வருஷம் ஓடிவிட்டது.

கம்பை இறக்கிவிட்டு உள்ளே வந்தபோது முதலாளி என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? ஆறு வருசப் படம் மாறிக்கினு இருந்துச்சிய்யா இதுல!”

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டதால் அதிலிருந்ததை எல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். காப்பி எடுக்காமல், அங்கே அழித்து இங்கே ஏற்றுகிற மாதிரி. பாதியில் நான் பிடுங்கியதில் புதுப் பெட்டி திறக்கவேயில்லை. பழையதில் பாதி காலி. அவர் பயந்துபோய்க் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார்.

நான் பின்பக்கம் போய்ப் பையை எடுத்தேன். வெளியே வரும்போது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தாங்க. கண்டாச்சிபுரம் பக்கம், கூலி வேலை. முந்தின வருஷம் அவங்க வீட்டுக்காரர் இறந்தபோது பேனர் கட்டப் போனவன் நான்.

“தம்பி, வர்ற மாசம் வருசம் திரும்புது. பேனர்ல கோட்டு போட்டு அடிச்சீங்களே, அது வேணாம். நாங்க குடுத்த படம் வேணும். என் போனு கெணத்துல வுழுந்துட்ச்சி. அந்த ஆளு படம் வேற எதுவும் இல்ல.”

ஆதார் அட்டையில் இருக்குமே என்றேன்.

“அதுல யாரோ மாதிரி இருக்கறாரு.”

முதலாளி உள்ளே இருந்தபடியே, “கரண்ட் கட்டுல மிசின் பேஜாரு ஆயிட்ச்சிமா, அடுத்த வாரம் வாங்க” என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அம்மா என் பையைப் பார்த்து, “ஊருக்காப்பா?” என்றாங்க. இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படிப் போவது?

மறுநாள் இரண்டு டிஸ்க்கையும் துண்டில் சுற்றி, சோற்றுப் பையில் வைத்து, விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கே டிஸ்க் சரிபண்ணுகிற கடை ஒன்று உண்டு. நடத்துவது ஒரு பெண். அவங்க முதலில் கேட்டது ஒன்றுதான்.

“பழைய டிஸ்க்குல புதுசா எதுனா ஏத்துனீங்களா?”

“இல்லீங்க. உடனே அணைச்சிட்டோம்.”

“பொழச்சீங்க. அழிச்சாலும், அதும்மேல வேற ஒண்ணு எழுதற வரைக்கும் உள்ளதான் இருக்கும். படம் வரும். ஆனா பேரு வராது, எல்லாம் வெறும் நம்பர்தான். ஊரு, தேதி எதுவும் இருக்காது. நீங்கதான் பொறுக்கணும்.”

இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிவந்தேன். முதலாளி திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். ஆயிரக்கணக்கான முகங்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஊர் பெயர் போட்டுத்தான் அவர் படங்களைத் தேடுவார், முகத்தை வைத்து அவருக்கு யாரையும் தெரியாது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், “இது கோலியனூரு” என்றேன். “காதுகுத்து. பால் சொசைட்டி எதிர்ல கட்டனோம். காத்துல ரெண்டு வாட்டி அவுந்துட்ச்சி.”

அவர் அடுத்த படத்தைத் திறந்தார்.

“கெடாரு. அந்தப் பெரியவருக்கு மூணு மருமவனுங்க. யாரு போட்டோ பெருசுன்னு சண்டை, நான் பாதிக் கம்பத்துல தொங்கிக்கினு இருந்தேன்.”

“எப்டிய்யா இதெல்லாம் உனக்குத் தெரியும்?”

“ஒரு ஆளு மூஞ்ச எட்டடிக்குப் பத்தடி தோள்ல தூக்கிக்கினு போனா மறக்குமாண்ணே?”

அவர் எழுந்து எனக்கு நாற்காலியைப் போட்டார். அந்தக் கடையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கோலியனூர் பால் சொசைட்டி, கெடார் மூணு மருமகன். அப்படியே பெயர் வைத்தோம். ஆறு வருஷம் நான் அலைந்த அலைச்சல் அத்தனையும் அதில் வரிசையாக ஏறியது.

மூன்றாம் நாள் கண்டாச்சிபுரத்துக்காரர் திரையில் வந்தார், ஆனால் கோட்டோடு. சாவு வீட்டுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று முதலாளியே கம்ப்யூட்டரில் மாட்டிவிட்ட கோட்டு. “இதக் குடுத்துடலாம்யா” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு மங்கலான படம் வந்தது. வயல், வேர்க்கடலைக் குவியல், ஓரமாகச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு ஒருவர். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

“இது எவனோ வயல்ல எடுத்தது” என்று முதலாளி அழிக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“இருண்ணே. அந்தக் கன்னத்தப் பாரு. வீங்கிருக்குதுன்னு அன்னைக்கு பேனர்ல நீதான அத சரி பண்ண? நான் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அவர் பெரிதாக்கினார். அந்த அம்மாவின் வீட்டுக்காரரேதான்.

சொன்ன வாரத்தில் அந்த அம்மா வந்தாங்க. படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாங்க. “வாயில மல்லாட்ட! துன்னாத, துன்னாத, ஜல்தியா பறின்னு கத்தனேன். மொறைச்சிக்கினே மென்னாரு. அப்பதான் நான் போட்டோ புடிச்சேன்.” பிறகுதான் அழுதாங்க.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் கட் இல்லை, நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளி கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீ புடுங்கலன்னா இவரு கோட்டு போட்டதத்தான குடுத்திருப்பாரு” என்றாங்க. “படத்த மாட்ட, ஆணி அடிக்க நீயே வா.”

போனேன். வீட்டை ஒட்டி ஆட்டுக் கொட்டகை. நான் கட்டிய பழைய பேனர்தான் அதற்குக் கூரை. வெயிலில் வெளுத்த கோட்டு மட்டும் தெரிந்தது, முகம் போய்விட்டிருந்தது. உள்ளே மண்சுவர், முதல் ஆணி நிற்கவில்லை. இரண்டாவதை வாசல்நிலைக்கு மேல் மரச்சட்டத்தில் அடித்தேன். படத்தை மாட்டிவிட்டு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். அவர் மென்றுகொண்டிருந்தார்.

என் பை இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது.