மாட்டுங்கா கண்காட்சியில் ஒரு மைக்ராஸ்கோப்

மாட்டுங்காப் பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய அறிவியல் கருவிகளின் கண்காட்சி. விளக்கம் சொல்வதற்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். பம்பாய்ப் பேராசிரியர்கள் இருவரோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, தாராவியிலிருந்து மகளோடு வந்த ஒரு பெண் பித்தளை மைக்ராஸ்கோப்பைக் காட்டுகிறாள்.

“ஐயா, இது என்னதுன்னு பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லுதீயளா?”

பேராசிரியர்கள் எதிரில் அவளோடு தமிழ் பேச எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. “தமிழ் நஹி மாலூம்” என்கிறேன்.

“பாவம், இவுகளுக்கு நம்ம பாஷை தெரியாதாம்ட்டி,” என்று மகளிடம் சொல்லிவிட்டு நகர்கிறாள்.

அவசரமாகத் திரும்புகிறேன். மேசையின் இரும்புக்கால் என் முழங்காலில் இடிக்கிறது.

“ஐயோ, காலு போச்சே!” என்று என்னை மீறிக் கத்திவிடுகிறேன்.

அவள் நின்று என்னை ஒரு கணம் பார்க்கிறாள். முகத்தில் கோபம் இல்லை.

“அடி பலமா பட்டுட்டாய்யா?” என்று மட்டும் கேட்கிறாள்.