எண்ணெய்க்குப் பயந்தவர்கள்

பெடாஸ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இருதய நோயாளி. நோயாளி நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதல் கொடுக்க, பங்குக் குருவான நான் எண்ணெய்ச் சிமிழோடு போகும்போதெல்லாம், என் கார் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகச் செம்பனை மரங்களுக்குள் புகுந்துவிடுவார். எழுந்து நடக்கவே முடியாதவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே!

"அந்த எண்ணெய் பட்டா ஆள் காலிதான்லா, சாமி" என்பார், மறுவாரம் பூசைக்கு வந்து.

தோட்டத்து வேதக்காரர்கள் பலருக்கும் அந்த நினைப்புதான். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசவே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாவைச் சிமிழில் அடைத்துக் கொண்டுவருகிறவர்களாக எங்களை ஆக்கிவிட்டார்கள். நான் விடுவேனா? பிரசங்கத்தில் அவரை ஜாடையாக இழுத்து, "அது குணமாகிறதுக்கு ஐயா! விசுவாசம் எங்க போச்சு?" என்று கோயிலையே சிரிக்கவைத்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

அப்புறம் எனக்குக் குடலில் புற்றுநோய் வந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, எனக்குப் பூசுவதற்காகப் பகாவ் ஊரிலிருந்து இன்னொரு குருவானவர் என் வீட்டுக்கு வந்தார். நான் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டேன். முப்பது வருடமாக எத்தனையோ நெற்றிகளில் எண்ணெய் வைத்தவன் நான். இதை வாங்கிக்கொண்டால் செத்துப்போவேன் என்று தோன்றிவிட்டது. எனக்கு! வெட்கக்கேடு.

கதவுக்கு வெளியே ஒரு குரல். என்னைப் பார்க்க மகனின் மோட்டார்சைக்கிளில் வந்திருந்த அதே பெரியவர்.

"என்னா சாமி, இங்க செம்பனை இல்லன்னு பாத்ரூமா?"

கதவைத் திறந்தேன். வேறென்ன செய்ய?

"பயமா இருக்கு ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல நீங்க பூசிக்குங்க. உசுரோட இருந்தீங்கன்னா எனக்கும் பூசுங்கலா."

பகாவ் குருவானவர் என் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினார். பெரியவர் என் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தார்.

"மூச்சு வருது" என்று அறிவித்தார்.

பூசிய குருவானவர் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, என் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கையப் புடிச்சுக்குங்க, சாமி."

பிடித்துக்கொண்டு பூசினேன். ஆண்டவரே, இந்த மனுஷனை ஏமாற்றிவிடாதீர் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என்னையும்தான்.