பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம்

"இந்தப் புத்தகம் மிகவும் அருமையாக இருந்தது. அனைவரும் படிக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம்."

கிட்டத்தட்ட இதையே முப்பத்தொன்றாவது தடவையாகத் திரையில் படித்தபோது, நூலக டீச்சருக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சிலர் பின்னட்டையில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். ஒருவன் விலையையும் சேர்த்து இறக்கியிருந்தான்.

அவர் நூலகத்துக்கென்று படித்து வந்தவர் இல்லை. பத்தொன்பது வருடம் உயிரியல் நடத்தியவர். தேர்வு நாட்களில் மாணவிகளின் கழிப்பறையை ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். காப்பியடிப்பதைத் தடுக்க என்றார்கள். பையன்களின் கழிப்பறை திறந்தே இருக்கிறதே, அவர்கள் அத்தனை பேரும் உத்தமர்களா என்று கேட்டார். பூட்டு திறந்தது. அடுத்த மாதமே உயிரியல் அவர் கையைவிட்டுப் போனது. "உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்" என்று சொல்லி நூலகச் சாவியைக் கொடுத்தார்கள்.

நூலகம் என்பது விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. கிழிந்த வலைகளையும் காற்றுப்போன பந்துகளையும் வெளியே தள்ளினார். நாயாய் அலைந்து ஆறு கணினிகள் வாங்கினார், நாலுதான் ஓடின. மாணவர்கள் புத்தக மதிப்புரை எழுதிப் பகிர ஓர் இணையதளம் தொடங்கினார். படித்ததைப் பற்றி ஒரு பிள்ளை தன் வாயால் ஒரு கருத்துச் சொல்லப் பழகினால், நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டாது என்பது அவர் நம்பிக்கை. "எந்தப் பக்கத்துல பிடிச்சுது, எந்தப் பக்கத்துல கடுப்பாச்சு, நம்பரோட எழுது" என்று தொண்டை வற்றக் கத்தினார். முதலில் ஒரு வகுப்பு முழுவதற்கும் கல்வி அலுவலகம் அனுப்பிய ஒரே கதைப் புத்தகத்தின் பிரதிகளைக் கொடுத்தார்.

வீட்டில் அவர் கணவர், தையல்காரர், இதில் நொந்து போயிருந்தார். சாப்பாட்டைப் பற்றி வழக்கம்போல "நல்லா இருக்கு" என்றார் ஒரு நாள்.

"என்ன நல்லா இருக்கு? எது நல்லா இருக்கு?"

"அம்மா தாயே, இதுக்குமா பக்க நம்பர் சொல்லணும்?"

முப்பத்திரண்டாவது மதிப்புரை கடைசி வரிசைப் பெண்ணுடையது. எதற்கெடுத்தாலும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பதால் வகுப்பில் அவளுக்கு 'முனகல்' என்று பெயர். அவள் எழுதியிருந்தாள்:

"32ஆம் பக்கத்துக்குப் பிறகு 49ஆம் பக்கம் வருகிறது. நடுவில் பதினாறு பக்கம் இல்லை. 32இல் படகு கரையில் நிற்கிறது. 49இல் படகுக்காரர் அழுகிறார். ஏன் அழுகிறார் என்று யாரைக் கேட்பது? என் அத்தையும் இப்படித்தான். கதையின் நடுவில் போன் பேசப் போய்விட்டு, திரும்பி வந்து முடிவை மட்டும் சொல்லுவார். ஒரு நட்சத்திரம். அதுவும் அட்டைக்குத்தான்."

டீச்சர் எழுந்துபோய் அலமாரியில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் முப்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்தொன்பது. அவர் அந்தக் கதையைத் தன்னுடைய சொந்தப் பிரதியில் படித்திருந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கட்டைத் தன் கையாலேயே பிரித்தும், உள்ளே ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. முப்பத்தொரு பேர் மேல் வந்த கோபத்தில் பாதி இப்போது தன் மேலேயே திரும்பியது.

மறுநாள் காலை தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்த ஒத்த நட்சத்திரத்தை எடுத்துடுங்க டீச்சர். நாளைக்கு அதிகாரி வந்து நம்ம தளத்தை முறைப்படி தொடங்கி வைக்கிறார். புத்தகத்தை அனுப்பினதே அவர் ஆபீஸ்."

"மேடம், புத்தகத்துல பக்கமே இல்ல."

"அதை ஒரு கடிதமா எழுதிக் குடுங்க, பாத்துக்கலாம். ஊரே பாக்கற மாதிரி போடணுமா? அந்தப் பொண்ணை மன்னிப்புக் கேட்டுட்டு வேற எழுதச் சொல்லுங்க. மாட்டேன்னா மதிப்புரைக் குழுவுல இருந்து பேரை எடுத்துடலாம்."

"படிச்சதே அவ ஒருத்திதான் மேடம். அவளை எடுத்துட்டுக் குழுன்னு யாரை வெச்சுக்கறது?"

"எனக்குப் பதில் வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள நீங்க எடுங்க. இல்லேன்னா பாஸ்வேர்டைக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்."

உண்மை சொன்னவள் மன்னிப்புக் கேட்க வேண்டும், பொய் சொன்ன முப்பத்தொரு பேருக்கு அதிகாரி கைதட்டுவார். டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசிப் பாடவேளையில் வகுப்பு நூலகத்துக்கு வந்ததும், பிரதிகளைக் கொடுத்து எல்லாரையும் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"அடுத்த பக்கம் என்ன நம்பர்?"

பக்கங்கள் முன்னும் பின்னும் புரண்டன.

"நான் வேகமாப் படிச்சேன் டீச்சர். அதான் தாண்டிப் போயிருக்கும்" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"பதினாறு பக்கத்தையா? ஏண்டா, குதிரை மேல உக்காந்து படிச்சியா?"

"எனக்கு நாப்பது லைக் விழுந்திருக்கே டீச்சர்!" என்றாள் இன்னொருத்தி.

"உனக்கு லைக் போட்டவங்களும் உன்னை மாதிரியே படிச்சவங்கதாம்மா. பொய் எழுதினதை எடுத்துட்டு உண்மையை எழுதுங்க. பெல் அடிக்கறதுக்குள்ள."

கணினிகளின் முன்னால் தள்ளுமுள்ளு நடந்தது. டீச்சர் நேராக அலுவலக அறைக்கு நடந்தார். கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் வைத்தார்.

"நான் அழிக்க மாட்டேன் மேடம். அழிக்கணும்னா உங்க கையாலயே அழிச்சுக்குங்க. அந்தப் பொண்ணு மன்னிப்பும் கேக்கமாட்டா. கேக்கணும்னா கட்டைப் பிரிச்சும் உள்ள பாக்காத நான் கேக்கறேன்."

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தளத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இதுல அவ எழுதினது எது?"

டீச்சர் எட்டிப் பார்த்தார். முதல் மதிப்புரை: பதினாறு பக்கம் இல்லை, ஒரு நட்சத்திரம், அதுவும் அட்டைக்குத்தான். இரண்டாவதும் அதேதான். மூன்றாவதும் அதேதான். முப்பத்திரண்டு மதிப்புரைகள், எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அடப்பாவிகளா என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் போன் பேசற அத்தை இருக்காங்க" என்றார் தலைமையாசிரியை. "வகுப்புக்கே ஒரே அத்தையா டீச்சர்?"

"இதை நான் சொல்லிக் குடுக்கல மேடம்." முகம் காந்தியது. உண்மையைக்கூடவா காப்பியடிப்பார்கள்? ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "ஒண்ணை எடுத்தா யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டையும் எடுத்தா நாளைக்கு அதிகாரி எதைத் தொடங்கி வைப்பாரு?"

தலைமையாசிரியை விரலால் மேசையைத் தட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கல்வி அலுவலகத்தைக் கூப்பிட்டார். குரல் தேனாகக் குழைந்தது.

"வணக்கம் சார். ஒரு சின்ன விஷயம். நீங்க அனுப்பின புத்தகத்துல நடுவுல பக்கம் விட்டுப்போயிருக்கு... ஆமா சார், எல்லாப் பள்ளிக்கும் அப்படித்தான் போயிருக்கும். வேற எங்கயும் சொல்லலையா? எங்க பிள்ளைங்களை நான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன் சார், வரி விடாம படிப்பாங்க... சரிங்க சார், புதுப் பிரதி வரட்டும்."

நான் பழக்கி வைத்திருக்கிறேனாம்! டீச்சருக்குச் சிரிப்பதா, அந்தத் தொலைபேசியைப் பிடுங்குவதா என்று தெரியவில்லை. கடவுச்சொல் எழுதிய தாளை மட்டும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் முனகல் நின்றாள். இப்போது அவள் முனகவில்லை, கத்தினாள்.

"டீச்சர், எல்லாரும் என்னோடதத் திருடிட்டாங்க! எங்க அத்தையையும் சேத்து! அழிங்க டீச்சர் அத்தனையையும்!"

"உன்னுது இருக்குடி. யாரும் தொடமாட்டாங்க. மன்னிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அவங்களோடதும் இருக்கே!"

டீச்சர் நூலகத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். பெல் அடிக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த முப்பத்தொரு பேரும் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா எந்திரிங்க" என்றார் டீச்சர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அவங்கவங்க அத்தையைப் பத்திச் சொல்லுங்க."