சந்தேக நபர் இரண்டு

என் மாமா ஜெகதீஸ்வரன் ஒரு ஜேர்மன் திரைப்பட நடிகர். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் சொல்லுகிற எதையுமே யாரும் நம்புவதில்லைதான். பதினாறு வயதுக்குள் அதற்குப் போதிய காரணங்களைக் கொடுத்துவிட்டேன். ஆனால் மாமா பொய் சொல்லாத ஆள். அவர் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

துப்பறியும் படங்கள்தான் அவருடைய துறை. இதுவரை பதினொரு தடவை கைதாகியிருக்கிறார், இரண்டு தடவை செத்திருக்கிறார். ஒரு தடவைகூட அவருக்குப் பெயர் இருந்ததில்லை. படம் முடிந்து எழுத்துகள் மேலே ஓடும்போது மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய் நின்றால், சாப்பாடு சமைத்தவருக்குச் சற்று முன்னால் காணலாம்: "சந்தேக நபர் 2: ஜே. வரன்." ஜெகதீஸ்வரன் என்பது நீளமாம். வரிக்குள் அடங்காதாம்.

இரண்டாம் சந்தேக நபருக்கென்று ஒரு தலைவிதி இருக்கிறது. முதலாவது ஆளை விட்டதும் இவரைப் பிடிப்பார்கள். "இவன்தான்" என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கதிரையில் சாய்வார்கள். நாற்பதாவது நிமிடத்தில், கொலை நடந்த நேரம் இவர் எங்கோ கோப்பை கழுவிக்கொண்டிருந்தது தெரியவரும். விட்டுவிடுவார்கள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. பதினொரு படத்திலும் மாமாவுக்கு ஒரே வசனம்: "நான் இல்லை."

மற்ற நாட்களில் சுவிஸில், பேர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் தள்ளுகிறார். நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும் எக்ஸ்ரேயிலிருந்து வார்டுக்கும் கொண்டுபோகிற வேலை. ஒரு படத்தில் அவரையே பிணமாகக் கட்டிலில் போட்டு யாரோ தள்ளினார்கள். வளைவில் சுவரோடு இடித்துவிட்டார்களாம். பிணம் எழும்பி, சில்லை எப்படித் திருப்புவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

அவர் நடிகரானதே ஒரு பிழையால். 1999இல், நாட்டை விட்டு வெளியே போகமுடியாத எஃப் விசாவோடு இருந்த காலம், ஒரு கல்யாணத்துக்கு எல்லையோரப் பாசல் நகரத்துக்குப் போனவர் ரயிலில் நித்திரையாகிவிட்டார். விழித்துப் பார்த்தால் பாசலைத் தாண்டி அடுத்த நிலையம். அதுவும் பாசல் நகரத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஜேர்மன்காரருடைய நிலையம். எல்லை கடந்துவிட்டோமோ என்று நடுங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ரயில் மேடையில் இரண்டு பொலிஸ்காரர்கள் துப்பாக்கியோடு அவரை நோக்கி ஓடி வந்தார்கள். மாமா யாரும் கேட்காமலே கையைத் தூக்கினார், விசா அட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தார், தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பினார்.

எங்கோ ஒருவர் கை தட்டினார். மொட்டைத் தலையோடு ஒரு மனிதர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். படப்பிடிப்பாம். வரவேண்டிய துணை நடிகர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். மொட்டைத் தலைக்காரர் இன்னும் மூன்று தடவை எடுத்தார்.

"நாலு தரமும் உண்மையாத்தான் பயந்தனான்" என்பார் மாமா. "கடைசியில கோப்பி குடுத்தாங்கள். அப்பத்தான் விளங்கினது, இவங்கள் பொலிஸ் இல்லை எண்டு."

"இவ்வளவு இயல்பாகச் செய்கிறீர்களே, எங்கே பழகினீர்கள்?" என்று மொட்டைத் தலைக்காரர் கேட்டாராம்.

"கொழும்பில" என்று மாமா சொன்னாராம்.

அவர் அதை ஏதோ நாடகப் பள்ளிக்கூடம் என்று நினைத்துக் குறித்துவைத்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து, விசாவோடு எல்லை கடக்கலாம் என்று ஆனபிறகு, அந்தக் குறிப்பை வைத்துத் தேடிப் பிடித்தார். அப்படித் தொடங்கியதுதான் மிச்சப் பத்துக் கைதும்.

எங்கள் ஆட்களுக்கு இது எதுவும் நம்புகிற மாதிரி இல்லை. வேலையில் லீவு எடுத்துக்கொண்டு ஒருவர் ஏன் விடியக் காலை ஜேர்மனிக்குப் போகவேண்டும்? ஏன் ஒரு மாதம் தாடியோடு திரிகிறார், அடுத்த மாதம் மீசையும் இல்லை? சட்டைப் பையில் ஏன் இரத்தம்? மாமி கஜலக்சுமி கல்யாணமான புதிதில் அந்த இரத்தத்தை மணந்து பார்த்திருக்கிறார். பீட்றூட் மணம் வந்ததாம். அதற்குப் பிறகுதான் நிம்மதி.

தமிழ்க் கடை தயாபரன் அண்ணைக்கு அந்த வசதி இல்லை.

"என்ன ஜெகன், போன கிழமை கைவிலங்கோட நிண்டீர், இந்தக் கிழமை வெண்டிக்காய் வாங்கிறீர்?"

"விட்டிட்டாங்கள் அண்ணை. நாப்பதாவது நிமிசத்தில."

"ஆதாரம் கிடைக்கேல்லையோ?"

"நான் செய்யேல்ல."

"அதைத்தானே எல்லாரும் சொல்லுறது" என்றபடி தயாபரன் அண்ணை வெண்டிக்காயை இரண்டாம் தரமும் நிறுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. கப்பலில் ஒரு டொக்டர், டொக்டர் சென். மூன்று வசனம். அதில் முக்கியமானது: "இந்த மனிதர் விழுந்தபோது உயிரோடுதான் இருந்தார்." கட்டில் தள்ளும்போது அதைச் சொல்லிப் பழகி, ஒரு நோயாளியை அழவைத்துவிட்டார். ஆனால் படப்பிடிப்பு ஸ்கொட்லாந்தில். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விசா வந்தது, கப்பல் போய் ஒன்பது நாளுக்குப் பிறகு. டொக்டர் சென்னாக வேறு யாரோ நடித்தார்.

அன்றைக்குத்தான் சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவது என்று மாமா முடிவெடுத்தார். மொழிப் பரீட்சை, வரலாற்றுப் பரீட்சை எல்லாம் பாஸ். மிச்சம் இரண்டே இரண்டு: எங்கள் கெமைன்டேயில், அதாவது ஊராட்சியில், மூன்று பேர் கொண்ட குழுவின் நேர்முகம், அதோடு அயலில் ஒருவர் தருகிற நற்சாட்சிக் கடிதம். கெமைன்டே எதுவென்று எழுதமாட்டேன். ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம், அவ்வளவுதான்.

நற்சாட்சிக்கு மாமா கொடுத்தது கீழ்வீட்டுத் திருமதி ஸ்பிண்டனின் பெயரை. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த வேலையைச் செய்திருக்கமாட்டேன்.

மார்ச்சில் மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது. துறைமுகத்தில் நடக்கிற ஒரு படத்தில் அவர் முழிக்கிற முழியைப் பெரிதாக்கி, மேலே ஜேர்மன் மொழியில் "தேடப்படுகிறார்" என்று போட்டு, கீழே அழகுக்காகத் தமிழில் "சந்தேக நபர் 2" என்று கையால் எழுதி, நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில், யாருக்கு எந்த நாள் என்கிற அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அன்று மாமாவின் முறை. உடுப்புக் கூடையோடு இறங்குவார், தன் மூஞ்சியைப் பார்ப்பார், சிரிப்பார். இதுதான் திட்டம்.

மாமாவுக்கு முன்னால் வேறு யாரோ இறங்கியிருக்கிறார்கள். மாமா போனபோது சுவரில் ஒன்றும் இல்லை. மூலையில் டேப் கிழித்த அடையாளம் மட்டும்.

நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் நற்சாட்சி விஷயம் எனக்குத் தெரியவந்தது. திருமதி ஸ்பிண்டனைப் படியில் மறித்து, உடுப்புத் தோய்க்கும் அறையில் ஏதாவது தாள் கண்டீர்களா என்று, எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரிக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தத் தாள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது" என்றார்.

மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் போனேன். மூன்று நாளும் அவர் கையில் கேள்விக் கொத்து.

"மாமா, ஒண்டு சொல்லோணும்."

"சொல்லாதை, கேள். ஏழு அமைச்சரையும் கேள்."

கேட்டேன். ஏழு பேரையும் சொன்னார். அதற்குப் பிறகு எப்படி வாய் வரும்?

நேர்முகம் முடிந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்று எங்களுக்கு முழுவதையும் நடித்துக் காட்டினார். தலைவர் ஒருவர், கையில் பேனையோடு ஒரு பெண், மூன்றாவதாக ஒரு வயதுபோன மனிதர். மாமாவின் நடிப்பில் மூவரும் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தார்கள், மாமிக்கு விளங்கவேண்டும் என்பதற்காக.

"வயசுபோனவர் வந்த நேரத்தில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார். 'உம்மை எங்கயோ கண்டிருக்கிறன்' எண்டார். நான் ஆஸ்பத்திரி எண்டன். 'இல்லை, வேற இடம்' எண்டார். தலைவர் திருமதி ஸ்பிண்டன்ர கடிதத்தை வாசிச்சார். பதினாலு வருசமா ஒழுங்கான மனிசன், காயவைக்கிற மெசினுக்குள்ள சேருற பஞ்சை ஒவ்வொரு தரமும் எடுக்கிறவர். அப்பிடியே போய், 'இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன், விசாரிக்கவும்.' உறையில இருந்து எடுத்து மேசையில விரிச்சார்."

மாமி என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் குசினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'பொலிசோட உமக்கு ஏதும் தொடர்பு இருக்கோ?' எண்டு கேட்டார். இருக்கு, பதினொரு தரம் பிடிச்சவங்கள், எல்லாம் படத்தில எண்டன். அந்தப் பொம்பிளை எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு, 'இப்பவும் நடிக்கிறீரோ?' எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றார் மாமி.

"என்னத்தைச் சொல்ல? இல்லை எண்டாலும் நடிப்புத்தானே. அதுக்குள்ள வயசுபோனவர் துள்ளி எழும்பி, 'துறைமுகம்! நீர்தான் கொலை செய்தது எண்டு நான் மனிசியோட பந்தயம் பிடிச்சனான்!' எண்டார். நான் இல்லை எண்டன். 'தெரியும். தோத்துப்போனன்' எண்டு இருந்திட்டார். தலைவருக்குச் சிரிப்பு வரேல்ல. 'இதைச் சுவரில ஒட்டினது ஆர்?' எண்டு கேட்டார்."

மாமா நடிப்பதை நிறுத்தினார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"தாளின்ர கீழ்ப்பக்கத்தைப் பாத்தன். தமிழில எழுதியிருந்தது. 'சந்தேக'வில கொம்புக்குச் சுழி இல்லை, 'சந்தெக' எண்டு கிடந்தது. பிறகு, நான்தான் ஒட்டினது எண்டு சொன்னன்."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

"உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில ஒட்டுறது வீட்டு விதிக்கு விரோதம், தெரியுமோ எண்டு கேட்டார். தெரியும், பிழைதான் எண்டன். முடிவைத் தபாலில அனுப்புவினம்" என்று மாமா முடித்தார். "கிடைக்காது. பதினாலு வருசம் பஞ்சு எடுத்ததும் வீண்."

மாமி அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்? எல்லாப் படத்திலயும் 'நான் இல்லை' எண்டுதானே சொல்லுவீங்கள்?"

"பதினொரு தரம் இல்லை எண்டு சொல்லி அலுத்துப்போச்சு" என்றார். "நீ முதல்ல சுழி போடப் பழகு."

அடுத்த நாள் நான் திருமதி ஸ்பிண்டனின் கதவைத் தட்டி, ஒட்டியது நான் என்று சொன்னேன். கெமைன்டேக்கு அதையும் எழுதும்படி கேட்டேன். குரல் கொஞ்சம் உடைந்தது. மூக்கடைப்பு என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

"எழுதத் தேவையில்லை" என்றார் அவர். "முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். தாள் கோணலாக ஒட்டியிருந்தது. உன் மாமா கோணலாக ஒட்டமாட்டார். வேறு யாரோ அவருக்குத் தொல்லை கொடுக்கிறார்கள், விசாரிக்கவும் என்றுதான் எழுதினேன்." பிறகு ஒரு ஈரத் துணியை என் கையில் தந்தார். "டேப் அடையாளம் இன்னும் இருக்கிறது."

சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் மாமாவுக்கு அந்த வரியை மட்டும் வாசிக்காமல் விட்டிருக்கிறார். ஒட்டியது அவர் இல்லை என்று தெரிந்துகொண்டே, யார் என்று கேட்டிருக்கிறார். அவர் செய்யாததை ஒப்புக்கொள்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கெமைன்டே சம்மதிக்கிறதாம்; மிச்சம் மேலிடத்துக் கடுதாசி வேலைகள். மாமா இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"ரிஷானி! இஞ்ச வா!"

போனேன்.

"இது உன்ர வேலையோ?"

"ஐயோ மாமா, இல்லை!"

"அதைத்தானே எல்லாரும் சொல்லுறது." முத்திரையை விரலால் சுரண்டினார். எழுத்துப் பிழை தேடினார். "பிழை ஒண்டும் இல்லை. நீ எழுதினது இல்லைப்போலத்தான் கிடக்கு" என்றவர், அப்படியும் திருப்திப்படாமல் கெமைன்டேக்கே போன் போட்டு, எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, அது உண்மையான கடிதமா என்று கேட்டார்.

அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். யார் கதைக்கிறது, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள்.

'ஜே. வரன்' என்று சொல்லுவார் என்று நினைத்தேன். மாமா நிமிர்ந்து நின்றார். இந்த நாட்டில் போனில் பெயர் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆளின் பெயரைச் சொல்லுகிற வழக்கம் உண்டு. யாக்கோப், எமில், குஸ்தாவ், அன்னா, தியோடோர், ஹைன்ரிஷ், எமில், இன்னொரு எமில், சோஃபி, வில்ஹெல்ம், அன்னா, ரோசா, அன்னா, நிக்லவுஸ். பதினாலு பேரையும் ஆறுதலாக வரிசையில் நிறுத்தினார், ஒருவரையும் விடவில்லை.

அவள் முழுப் பெயரையும் தட்டுத்தடுமாறித் திருப்பி வாசித்து, அது நீங்கள்தானா என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓம்" என்று தமிழில் வாய் தவறிச் சொன்ன மாமா, பிறகு ஜேர்மன் மொழியில் சொன்னார்: "நான்தான்."