ரயிலுக்கு ஒரு குரல்

பல்செட் செய்பவளுக்கு நாள் முழுவதும் வாய்களோடுதான் வேலை. ஒரு வாயும் பேசாது. மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு பூசிப் பல் பதித்துக்கொண்டிருப்பாள். கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். சாயங்காலம் கூரியர்காரன் வந்து "மேடம், பார்சல்" என்பான். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்கும் இன்னொரு குரல் அதோடு சரி.

அங்கேதான் அந்த நாய் வந்தது. ஆடு மேய்க்கிற சாதி, கறுப்பும் வெள்ளையும். இரண்டு வீட்டார் சமாளிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தது. நிற்கவே தெரியாது என்பதால் 'ரயிலு' என்று கூப்பிட்டாள்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான்.

"ஏம்மா, உன் ரயிலு என் தலை மேலதான் ஓடணுமா? ஃபேன் ஆடுதும்மா!"

சங்கம் கூடிப் பேசி ஒரு வருடம் கெடு வைத்தது. நாய்களுக்கு நடத்தும் கீழ்ப்படிதல் போட்டியில் தேறினால் நாய் இருக்கலாம். இல்லாவிட்டால் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. மெழுகு ஆறும்வரை காத்திருந்து பழகிய கை. உட்கார வைப்பாள், ஓர் அடி விலகுவாள், திரும்பி வருவாள். அடுத்த வாரம் இரண்டடி. ஒன்பதாவது மாதம் அவள் சமையலறைச் சுவருக்குப் பின்னால் மூன்று நிமிடம் மறைந்து நின்றாலும் ரயிலு பாயைவிட்டு அசையவில்லை. எல்லாம் விரல் சைகை. மிஞ்சிப்போனால் ஒரு முணுமுணுப்பு.

போட்டி மைதானத்தில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை சொல்பவர் அவள் பின்னால் வந்து, "நாயை விட்டு நகருங்க" என்றார். ரயிலு துள்ளி எழுந்து அவர் மார்பில் இரண்டு காலையும் வைத்து முகத்தை நக்கியது. கூட்டம் சிரித்தது. மதிப்பெண் பூஜ்யம்.

மறுநாள் கூரியர்காரன் குரலுக்கு நாய் வாசலுக்குப் பாய்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வீட்டில் வேறு குரல் என்றால் கதவு திறக்கும், ஆள் வரும், ஓடலாம். அதைத்தான் அது கற்றிருந்தது. அவள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள், தெரியாமல்.

கெடுவுக்குள் இன்னும் ஒரே ஒரு போட்டி, இரண்டு மாதம் கழித்து. வீட்டுக்கு வந்து பேச யாரைக் கூப்பிடலாம் என்று ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் பல் டாக்டர்களின் எண்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மாடி இறங்கினாள்.

"சார், தினம் ஒரு பத்து நிமிஷம் வந்து பேசணும்."

"யாரு, உன் நாய்கிட்டயா?"

"இல்ல சார். என்கிட்ட. அது கேக்கணும்."

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசறதுக்கு ஆள் பிடிக்க வந்த முதல் ஆளு நீதாம்மா. இங்க என்னைப் பேசாம இருக்கச் சொல்லித்தான் பழக்கம்" என்றார். உள்ளிருந்து அவர் மனைவி, "தாராளமாக் கூட்டிட்டுப் போம்மா!" என்றாள்.

தினமும் ஆறு மணிக்கு வந்தார். "முன்னால போங்க! இடமிருக்கு, முன்னால போங்க!" என்று பஸ் குரலில் கத்துவார். முதல் வாரம் ரயிலு அவர் மடியிலேயே ஏறியது. "டிக்கெட் எடுக்காம ஏறுது பாரு!" நடுநடுவே மூட்டுவலி, மருமகன் வாங்கிய ஓட்டைக் கார், அவள் மேசையைப் பார்த்து, பல்லில் இத்தனை வகை வெள்ளையா என்ற சந்தேகம். அவளும் பதில் சொன்னாள். பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. அலமாரியின் பின்வரிசையிலிருந்து இரண்டாவது டீ கப் முன்னால் வந்தது.

இந்த முறை மைதானத்தில் யார் கத்தியும் ரயிலு காதைக்கூடத் திருப்பவில்லை. தேறியது. சான்றிதழ் நகலைக் கண்டக்டரே படிக்கட்டுப் பலகையில் ஒட்டினார்.

"ஜெயிச்சுட்டோம்ல! இனி ஃபேன் கழண்டு விழுந்தாலும் உன் வீட்டுப் பக்கம் வந்து நான் வாயத் திறந்தா ஏன்னு கேளு!"

சொன்னபடியே நடந்துகொண்டார். ஆறு மணிக்கு வருவதும் நின்றுபோனது.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், ஆறு மணி இருக்கும். அவர் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே படியேறி மொட்டை மாடிக்குப் போனார். பாயில் கிடந்த ரயிலு எழவில்லை. வாசலைப் பார்க்கவும் இல்லை. கற்றுக்கொடுத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போ" என்றாள்.

எழுந்து போய்க் கதவிடுக்கை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தது.