பிரவுன் கோப்பையில் இரண்டு சுலைமானி

தீவுக்கு ஆட்களை அழைத்துப்போகிற வேலையில் தீவு ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. தொல்லையெல்லாம் படகில் ஏறி வருகிறவர்களால்தான். ஹோட்டலோ, வங்கியோ, துணிக்கடையோ, நாள் முழுக்க சிரித்தே தாடை வலித்தவர்கள் யாராக இருந்தாலும் நான் சொல்வது அவர்களுக்குப் புரியும்.

அபுதாபியிலிருந்து படகில் கொஞ்ச தூரம்தான். சனிக்கிழமை காலையில் கிளம்பி, அலையாத்திக் காட்டை ஒரு சுற்று காட்டி, ரிசார்ட்டில் சுட்ட மீனும் அரபுச் சோறும் பேரீச்சம்பழப் பலகாரமும் வைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன கிளாஸ் ஒயின் கொடுத்து, சாயந்திரம் எல்லாரையும் எண்ணிக் கரை சேர்ப்பது என் டியூட்டி. குறை சொல்லி மெயில் போட்டவர்களை எல்லாம் நான் மறந்துவிட்டேன். ஒரு அப்பாவையும் மகனையும் மட்டும் மறக்க முடியவில்லை. அன்றைக்கு அவர்கள் சொன்ன வேலையை நான் அப்பழுக்கில்லாமல் செய்தேன். என் வருத்தமே அதுதான். ஆனால் அந்த வேலை எனக்கு எப்படிக் கைவந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செர்ரி வாசம்

நான் திருச்சிக்காரி. ஒயினை இதுவரை நாக்கில் வைத்ததில்லை. மாமியாரைப் பொறுத்தவரை நான் 'டிராவல்ஸில்' இருக்கிறேன். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிசார்ட்டில் ஊற்றிக் கொடுக்கிற பைஜுதான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான். திருச்சூர்ப் பையன், தமிழ் அவனிடம் பாதி வரும். "இது செர்ரி வாசம், இது ஓக் மர வாசம், இது கொஞ்சம் புகை" என்று அவன் சொன்னதை எல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோல உருப்போட்டேன்.

ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா நான் பேசி முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு, உங்களுக்கு இதில் எது பிடிக்கும் என்றார். நான் குடிப்பதில்லை என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிக்காமலே இவ்ளோ அழகா புளுகுறீங்களே, உங்க வீட்டுக்காரர் பாவம்ங்க!"

கோபாரிலிருந்து வந்த மாப்பிள்ளை

சவூதியில் அல் கோபாரில் வேலை பார்க்கிற ஒரு எஞ்சினியர், மனைவியோடும் ஊரிலிருந்து வந்த மாமனாரோடும் வந்தார். அங்கே மதுவைப் பற்றி மூச்சே விட முடியாது. அதனால் மனிதர் மாதக்கணக்கில் இந்த நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். மாமனார் ஊரில் பஜனை மடத்துக் காரியதரிசி என்பதும், மீன் வாசம் பிடிக்காது என்று காலையிலேயே ரூமில் தங்கிவிடுவார் என்று மருமகன் கணக்குப் போட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். மாமனாரோ, தீவு பார்க்காமல் போவதா என்று முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் மருமகனுக்கு வாந்தி. கரை இறங்கியதும் பைஜு எலுமிச்சை பிழிந்து சூடாக ஒரு சுலைமானி போட்டுக் கொடுத்தான். பாலில்லாத கட்டஞ்சாயா, வளைகுடாவில் எந்த வயிற்று வலிக்கும் அதுதான் மருந்து. உள்ளே இருப்பது வெளியே தெரியாத கனமான பிரவுன் பீங்கான் கோப்பை. மருமகன் அதைக் குடித்துத் தெளிந்து உட்கார்ந்தபோது, எதிரில் மாமனார் 'நல்ல பிள்ளை' என்பதுபோல அவரையும் கோப்பையையும் பார்த்துத் தலையாட்டினார். மருமகன் மெதுவாக எழுந்து என் பக்கம் வந்தார்.

"மேடம், இதே கோப்பையில... அது வருமா?"

சர்க்கரை வேண்டாம்

வந்தது. அன்றிலிருந்து அது எனக்கும் பைஜுவுக்கும் தனித்தொழில் ஆகிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் புக் செய்தால், "யாருக்காவது சுலைமானி வேணுமா?" என்று போனிலேயே கேட்டுவிடுவேன். வேண்டியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். தட்டில் கரண்டி இருந்தால் நிஜ டீ, கரண்டி இல்லாவிட்டால் மற்றது. அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி, சித்தப்பாவுக்குத் தெரியாமல் மூன்று பேர், கணவனுக்குத் தெரியாமல் ஒரு மனைவி என்று எல்லாருடைய மானத்தையும் அந்தப் பிரவுன் கோப்பைதான் காப்பாற்றியது. ஒருவர்கூட மாட்டிக்கொண்டதில்லை. எனக்கு அதில் ரொம்பவே கர்வம்.

ஒரு குடும்பத்தில் மாமியாரைத் தவிர மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் கரண்டி இல்லாத சுலைமானி. மாமியார் மட்டும் நிஜமாகவே சுலைமானி கேட்டார். கோப்பை மாறிவிடப் போகிறதே என்று பைஜு தட்டை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டான். அந்த அம்மா தன் டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே மருமகள்கள், மகன்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சர்க்கரையே போட்டுக்கிறதில்ல பாருங்க. நல்ல பழக்கம்."

இரண்டு பேர், ஒரே வேண்டுகோள்

இப்போது அந்த அப்பாவும் மகனும்.

மகன் கார்த்தி அபுதாபிக்குப் பக்கத்தில் முசாஃபாவில் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். கம்பெனிக் குலுக்கலில் தீவுப் பயணம் இரண்டு பேருக்கு விழுந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக விசிட்டில் வந்திருந்தார்கள். அம்மாவுக்குப் படகென்றால் பயம், மருமகளோடும் பேரனோடும் வீட்டில் இருந்துகொண்டார். அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், அதற்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்.

படகுத்துறையிலேயே கார்த்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, போன்ல சொன்னேன்ல, சுலைமானி, அது எனக்கு. அப்பாவுக்குத் தெரியவே கூடாது. பாலிடெக்னிக் படிக்கிறப்ப ஒரு தடவ என் மேல வாசம் அடிச்சுதுன்னு திட்டித் தீத்துட்டு ஒரு மாசம் எங்கூடப் பேசல. இங்க வந்து எட்டு வருசம் ஆச்சு, லீவுல போனாலும் ரெண்டு வார்த்தைதான். இன்னிக்காவது அவர்கூட உக்காந்து நிம்மதியா பேசணும்."

சரி என்றேன். குடிக்காமலே பேசலாமே என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

தீவில் இறங்கி, அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டு எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கும்போது பெரியவர் வேண்டுமென்றே பின்தங்கினார். மகன் முன்னால் போய்விட்டானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"தாயி, ஒரு விசயம். நான் அப்பப்ப ஒரு மடக்கு போடுவேன். ரொம்ப நாளாவே. பையனுக்குத் தெரியாது. இன்னிக்கு சாப்பாட்டோட எல்லாருக்கும் ஊத்துவாங்களாம்ல, எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா அவன் படிக்கிறப்ப குடிச்சான்னு அவன நான் பேசின பேச்சுக்கு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் எதிர்ல குடிக்கிறது? அவன் காதுக்கு மட்டும் போகக்கூடாது, தாயி."

அவருக்கும் சரி என்றேன். உள்ளே போய் பைஜுவிடம் கரண்டியில்லாமல் இரண்டு என்று சொன்னேன். அவன் கண்ணாடிக் கதவு வழியாக அப்பனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பாதித் தமிழில் கேட்டான். அவனுக்கு நான் "விருந்தாளிங்க விஷயம், நமக்கெதுக்கு?" என்றுதான் பதில் சொன்னேன். அவன் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"சேச்சி, ரெண்டு பேருக்கும் ஆசை, ரெண்டு பேருக்கும் பயம். ஒரே மேஜைல ரெண்டு கிளாஸ் வச்சா தீர்ந்துபோச்சுல்லே?"

தள்ளிப் போட்ட நாற்காலி

கோப்பை எதையும் காட்டிக்கொடுக்காது. வாசம் காட்டிக்கொடுக்கும். மற்றக் குடும்பங்களில் அதற்கு மீனும் வெங்காயமும் போதுமாக இருந்தது. இந்த இரண்டு பேரும் அதை நம்பவில்லை. முதல் மடக்கு குடித்ததும் பெரியவர் தன் நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கார்த்தி வேறு திசையில் தள்ளிப் போட்டுக்கொண்டான். வாசம் வந்தபோதெல்லாம் ஒவ்வொருவரும் அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்று நினைத்தார்கள். மகன் மீன் துண்டை அப்பா தட்டில் வைக்கக் கையை மட்டும் நீட்டினான், உடம்பைப் பின்னாலேயே வைத்துக்கொண்டான். அப்பா வேறு பக்கம் பார்த்தபடி வாங்கிக்கொண்டார். நடுவில் யாரோ பிரிட்டிஷ் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு பேரும் சந்தோஷமாக இடம் விட்டார்கள்.

நான் செர்ரி வாசத்தைச் சொல்லிக்கொண்டு வந்தபோது பெரியவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "செர்ரியாவது கிர்ரியாவது, இது புளிச்ச நாவப்பழம்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார். அவ்வளவு அழகாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியவன் நாலு நாற்காலி தள்ளி, வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ மனசுக்குள் பெருமை, இரண்டு பேரும் மாட்டவில்லையே என்று.

திரும்பும்போது மகன் படகின் முன்பக்கம் நின்றான், அப்பா பின்பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். போட்டோ எடுக்கட்டுமா, சேர்ந்து நில்லுங்கள் என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். துறையில் இறங்கும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட, தாயி. என்ன, அவன் பக்கத்துல உக்காந்து நாலு வார்த்த பேசத்தான் முடியாமப் போச்சு."

கிளாஸிலேயே

அடுத்த குளிர்காலத்தில் கார்த்தி மறுபடி வந்தான், ஆபீஸ் ஆட்களோடு. லேசாக இளைத்திருந்தான். நான் அப்பாவை விசாரித்தேன். ஆடி மாதம் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாராம். இவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

கூடத்துக்கு வெளியே, வெயில் படாத பக்கம் நின்று பேசினான்.

"அன்னிக்கு அவருக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. என் பக்கத்துலயே வரல பாத்தீங்கல்ல. போட்டோவுக்குக்கூட நிக்கல. ஊருக்குப் போனப்புறமும் போன்ல 'நல்லா இருக்கியா'ன்னுட்டு அம்மாகிட்ட குடுத்துருவாரு. கேக்கப் பயமா இருந்துச்சு. கடைசி வரைக்கும் கோவமாத்தான் போயிருக்காரு."

பெரியவருக்குக் கொடுத்த வாக்கை நினைத்துப் பார்த்தேன். இனிமேல் அதைக் காப்பாற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். இரண்டாவது கோப்பையைச் சொன்னேன், புளித்த நாவற்பழத்தைச் சொன்னேன், நாற்காலியை ஏன் தள்ளிப் போட்டார் என்று சொன்னேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு குடிப்பது என்று அவர் கேட்டதையும், பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டதையும் அப்படியே சொன்னேன்.

முதலில் சிரித்தான். "நாவப்பழமா?" என்று கேட்டு மறுபடி சிரித்தான். பிறகு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, அன்றைக்கே சொல்லியிருந்தால், அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பைஜு சொன்னபோதாவது கேட்டிருக்கலாம்.

சாப்பாடு ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் பைஜு பிரவுன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து கார்த்தியின் முன்னால் வைத்தான், கரண்டி இல்லாமல். கார்த்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

"கிளாஸ்லயே ஊத்தச் சொல்லுங்கக்கா. இனிமே யாருக்குத் தெரியப்போகுது?"

பிரவுன் கோப்பை கேட்கிறவர்களுக்கு இப்போதும் முகம் கோணாமல் கொடுக்கிறேன், ஆனால் அப்பனும் மகனுமாக வந்தால் நாற்காலியை மட்டும் தள்ளிப் போட விடுவதில்லை.