நெற்றியோரத்து முடி

ஆள் படம் எடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் முடியில்தான் வைப்பேன். எழுபதுகளில் திருப்பதியில் நான் வைத்திருந்த ஸ்டூடியோவில் இருந்தது, முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கக் கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவார். பூதக்கண்ணாடியை வைத்து, நெற்றியோரத்தில் தொங்கும் ஒற்றை முடியைத் தேடுவேன். அது நூல் மாதிரித் தெளிந்துவிட்டால் கண்ணும் தெளிந்துவிட்டது என்று என் கணக்கு.

மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி நேரே ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடம் முடிக்கு எங்கே போவது? ஆண்களுக்கு மீசை இருக்கும், அதில் வைப்பேன். தலை பளபளக்காமல் இருக்க, சந்தனத்தை இன்னும் கொஞ்சம் குழைத்துத் தடவச் சொல்வேன். பெண்கள் மொட்டைத் தலையோடு படத்துக்கு உட்கார மாட்டார்கள், அதனால் அந்தக் கவலை எனக்கு வந்ததில்லை.

விளக்கைவிடச் சன்னலைத்தான் நம்பினேன். நாற்காலியைச் சன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில் போட்டு, இரண்டு கண்ணிலும் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டம் விழும்வரை முகத்தைத் திருப்பச் சொல்வேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான முகமும் செத்துக் கிடக்கும். தமிழில் 'சிரிங்க', தெலுங்கில் 'நவ்வண்டி' என்று எந்தப் பாஷையிலும் சொல்ல மாட்டேன். சொன்னால் பல்லைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்பேன். கண்டக்டரைத் திட்ட ஆரம்பிப்பார்கள். முகத்துக்குத் தானாக உயிர் வந்துவிடும்.

இந்த வித்தை ஒன்றும் என் மனைவியிடம் பலிக்கவில்லை. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் கத்திவிட்டேன்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட பேசறாப்பலயே எங்கிட்டயும் பேசறீங்க. நான் இன்னா, பஸ்ல வந்தா உக்காந்துகினு இருக்கேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைப் பின்னாமல் விட்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வருஷங்கள் போயின.

அப்போதுதான் அது நடந்தது. படம் கழுவும் மருந்தைக் கலக்கும்போது பாத்திரம் கை நழுவியது. இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. வேலூரில் வைத்தியம் பார்த்தார்கள். மூன்று வாரம் கட்டு. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டை அவிழ்த்தபோது எல்லாம் ஒரே புகைமூட்டமாக இருந்தது. அவள் முகம் எதிரில் இருந்தது, ஆனால் கண் எது மூக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே செத்துப்போனேன்.

வீட்டுக்கு வந்த சில நாளில், புத்தூரில் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பிப் போனாள். சாயங்காலம் வாசலில் அவள் குரல் கேட்டது. தலைப்பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"இன்னா, தலையில மஞ்சத் துணி கட்டிக்கினு வர்ற?"

"துணி இல்லீங்க. சந்தனம்."

என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். வழுவழுவென்று ஈரமாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "யாரக் கேட்டு மலைக்குப் போய் முடி குடுத்த? எனக்கு இன்னும் கண்ணு சரியாவே தெரியல, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று கத்தினேன்.

"முன்னாடியே குடுத்துட்டேன். சாமி வெக்கப்பட்டுக்கினாவது மீதிய குடுக்கட்டும்" என்றாள். அன்றைக்கு அவள் மடியில் தலைவைத்து அழுதேன்.

மூட்டம் மெல்ல விலகியது. கடைகளின் பெயர்ப் பலகைகள் தெரிந்தன, எதிர்க்கடைக்காரர் முகம் தெரிந்தது. ஆனாலும் ஸ்டூடியோவைத் திறக்கப் பயம். நடப்பதற்கு இந்தப் பார்வை போதும். ஃபோகஸ் வைக்கப் போதுமா? போதாவிட்டால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் போய்விடும்.

"என்னிய படம் எடுத்துப் பாருங்க" என்றாள் அவள்.

"முடி வளரட்டும்."

"அதுவரைக்கும் பயந்துக்கினே குந்தியிருப்பீங்களா?"

சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தானே நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையில் முள் முள்ளாக முளைவிட்டிருந்தது. கேமராவை நன்றாகக் கிட்டே நகர்த்தித் துணிக்குள் போனேன். பழக்கதோஷம், நெற்றியோரத்தில் முடியைத் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. மீசைக்கும் வழியில்லை. வேறு போக்கில்லாமல் பூதக்கண்ணாடியை அவள் கண்ணுக்கு நகர்த்தினேன்.

முதலில் வெறும் வெள்ளைப் புள்ளி. லென்ஸை முன்னும் பின்னும் தள்ளினேன். புள்ளி கட்டமானது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கட்டத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு, மயிரிழை அளவுக்கு. என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் சன்னலின் நடுச்சட்டம்! இத்தனை வருஷத்தில் யார் கண்ணிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுதுடி. சன்னல் சட்டம் தெரியுது, உங் கண்ணுல!"

சொல்லி வாய் மூடவில்லை, கோடு நெளிந்தது. கட்டம் கரைந்தது. எல்லாம் மறுபடியும் புகையானது. லென்ஸைத் தள்ளினேன், எந்தப் பக்கம் தள்ளியும் தெளியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. துணியை உதறிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் நீர் முட்டி நின்றது.

"அடிப்பாவி, அழுதியா? எங் கண்ணுதான் பூடுச்சின்னு நெனச்சேன்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். இமையோரத்து நீரில் மறுபடி ஃபோகஸ் வைத்து, பிலிமைச் செருகி, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தேன்.